அலமாரித் தாள்களைக் கணினிக்கு மாற்றுதல்: எதை வைத்திருப்பது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் வீட்டு அலமாரியின் மூன்று தட்டுகளிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியிலும் தாள்கள் நிரம்பிக் கிடக்கின்றன. பத்திரங்கள், வங்கிக் கடிதங்கள், காப்பீட்டுத் தாள்கள், மருத்துவ அறிக்கைகள், 20 ஆண்டுகளாக வாங்கிய பொருள்களின் கையேடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சென்ற மாதம் சலவை இயந்திரம் பழுதானபோது, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்த ரசீதை வெளியே எடுத்தால், அதில் படிக்கும்படியாக ஓர் எழுத்துகூட இல்லை. அதைப் பார்த்த என் மகன், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்கிறான். என் கணவரோ ஒரு துண்டுத் தாளையும் விடமாட்டேன் என்கிறார். "கணினி கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். ஆவணக் காப்பாளராகப் பணியாற்றும் எனக்கு, வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் வழக்கு இது. உங்கள் மகனும் கணவரும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்திருந்தாலும், இருவரும் தொடங்கும் இடம் ஒன்றுதான்: அலமாரியில் உள்ள தாள்கள் அனைத்தையும் இருவரும் ஒரே இனமாகக் கருதுகிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் கலைத்துவிட்டால் உங்கள் வீட்டு விவாதத்தில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும்.

தாள்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் அந்தத் தாளே சான்று. அதில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அந்தத் தாளோடு சேர்ந்தே மதிப்புப் பெறுகின்றன. மற்றொரு வகையில் தாள் வெறும் சுமைதாங்கி. அதில் அச்சிட்டிருக்கும் செய்தி வேறு எதில் ஏறிக்கொண்டாலும் அதன் பயன் குறைவதில்லை. எந்தத் தாள் எந்த வகை என்று ஐயம் வரும்போது, கையில் எடுத்த ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இது தொலைந்துபோனால், இதே மதிப்புள்ள இன்னொன்றை எனக்கு யார் தருவார்கள்?" கையேடு என்றால் தயாரித்த நிறுவனம் தரும், வங்கிக் கணக்கு அறிக்கை என்றால் வங்கி தரும். கையெழுத்திட்ட உயில் என்றால் எவராலும் தர முடியாது. பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை அலுவலகம் மீண்டும் வழங்கும் என்றாலும், அதற்கு அலைச்சலும் காத்திருப்பும் உண்டு என்பதால் அவற்றையும் "யாரும் தரமாட்டார்கள்" என்ற பக்கத்திலேயே சேர்த்துவிடுவது என் வழக்கம்.

ஆகவே பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள், சொத்துப் பத்திரங்கள், உயில், கல்விச் சான்றிதழ்கள், நீதிமன்ற ஆணைகள், மையால் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், நடப்பில் உள்ள கடனுக்கான தாள்கள், கடவுச்சீட்டு ஆகியவற்றை ஸ்கேன் செய்த பிறகும் தாளாகவே வைத்திருங்கள். அவற்றின் ஸ்கேன் எதற்கு என்றால், ஓர் எண்ணையோ தேதியையோ பார்ப்பதற்காக மூலத்தை ஒவ்வொரு முறையும் வெளியே எடுக்காமல் இருப்பதற்கும், தீயிலோ வெள்ளத்திலோ மூலம் அழிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கத் தேவையான விவரங்கள் கையில் இருப்பதற்கும்தான். வரி தொடர்பான தாள்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அவற்றின் மின்னணு நகல் ஏற்கப்படுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் வரி ஆலோசகரிடம் ஒரு முறை கேட்டு, அவர் சொல்லும் காலக்கெடுவை அந்தக் கட்டின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால், மூன்று தட்டுகளில் உண்மையாகவே தாளாக இருந்தாக வேண்டியவை ஒரு மெல்லிய கோப்பு உறைக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். உங்கள் கணவர் காக்க விரும்புவது பெரும்பாலும் இந்த உறையைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பல சான்றுகள் தாளாகப் பிறப்பதே இல்லை. மின்னணுக் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பாகவே மின்னஞ்சலில் வருகின்றன. அவற்றுக்கு அந்தக் கோப்புதான் மூலம். அதை அச்சிட்டால், கையொப்பம் இருந்த இடத்தில் ஒரு படம் மட்டுமே தாளில் விழும். கையொப்பம் உண்மையானதா, கோப்பு இடையில் திருத்தப்பட்டதா என்று கணினி சரிபார்ப்பதற்கான தரவு தாளில் ஏறாது. அதனால் அப்படிப்பட்ட கோப்பை அச்சிட்டுவிட்டு மின்னஞ்சலை அழிப்பது, பத்திரத்தின் நகலை வைத்துக்கொண்டு பத்திரத்தைக் கிழிப்பதற்குச் சமம். வந்தபடியே, பெயரைத் தவிர வேறெதையும் மாற்றாமல் சேமித்து வையுங்கள்.

இனி உங்கள் ரசீதுக்கு வருகிறேன், ஏனெனில் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகளில் மை இல்லை. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயப்பொருளும், அதை நிறமாக்கும் ஓர் அமிலப் பொருளும் இருக்கின்றன. அச்சு இயந்திரத்தின் சூடு படும் புள்ளிகளில் இரண்டும் உருகிச் சேரும்போது கறுப்பு நிறம் தோன்றுகிறது. சூட்டில் பிறக்கும் இந்த எழுத்து, வெயில், வெளிச்சம், கைகளின் எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டுநாடாவின் பசை ஆகியவற்றால் மறுபடி நிறமிழக்கிறது. எல்லாவற்றையும்விட, வளைந்து கொடுக்கும் பிவிசி உறைகளை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள்கள் மெல்லக் கசிந்து இந்த எழுத்தைக் கரைத்துவிடக்கூடியவை. நீங்கள் அக்கறையோடு போட்டு வைத்த பிளாஸ்டிக் உறையே ரசீது வெளுத்துப்போக உதவியிருக்கக் கூடும் என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. லேமினேஷன் செய்தால் காக்கலாம் என்று எண்ணிச் சிலர் அதைச் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். இந்த வகை ரசீதுக்கு ஒரே பாதுகாப்பு, பொருள் வீட்டுக்கு வந்த அன்றே அதைப் படமெடுப்பது. பழைய ரசீதுகளில் வாரண்டி முடியாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற எல்லா வேலைக்கும் முன்பாக இந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். பத்திரங்கள் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும், ரசீதுகள் இருக்கமாட்டா.

ஸ்கேன் செய்யும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பிற்காலத்தில் வரும் இழப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சாதாரண அச்செழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும். நுண்ணெழுத்து, முத்திரை, பழைய ஒளிப்படம் ஆகியவற்றுக்கு 600 வைத்துக்கொள்ளலாம். ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐ அளவில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள் கிடைக்கும். வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் அது ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் 1 மெகாபைட்டுக்குச் சற்றே மேல் போதும் என்பதால், பலரும் இடத்தை மிச்சப்படுத்த அந்த வழிக்குப் போகிறார்கள். போகாதீர்கள். கறுப்பு வெள்ளை முறையில் ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளப்பட்டுவிடுவதால், மங்கிய ஊதா முத்திரையும் பென்சில் குறிப்பும் சுவடில்லாமல் மறைந்துவிடும். முத்திரையோ கையெழுத்தோ உள்ள எதையும் வண்ணத்திலும், மற்றவற்றைச் சாம்பல் நிற முறையிலும் எடுங்கள். வழக்கமான சுருக்கத்துக்குப் பிறகு ஒரு பக்கம் சில நூறு கிலோபைட்டுக்குள் வந்துவிடும்; உங்கள் வீட்டுத் தாள்கள் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு சிறிய பென் டிரைவை நிரப்பா.

சுருக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் உண்மை நிகழ்வை நினைவூட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டில் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், அலுவலகங்களில் பரவலாக இருந்த சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு முறையே 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருக்க, ஸ்கேனில் மூன்றுமே 14.13 என்று வந்திருந்தன. பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் சிறு வடிவங்களைச் சேர்த்து, ஒரே படத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்தும் ஜேபிக்2 என்ற சுருக்க முறையே அதற்குக் காரணம். மங்கலான எழுத்து மங்கலாகத் தெரிந்தால் நாம் எச்சரிக்கை அடைவோம். இங்கோ தவறான எண் தெளிவாகவும் அழகாகவும் அச்சாகியிருந்தது. எனவே மிகையாகச் சுருக்கும் அமைப்புகளைத் தவிர்த்துவிட்டு, தொகை, தேதி, கணக்கு எண் உள்ள பக்கங்களைத் தாளோடு ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றும் இதில் உண்டு. பணிக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டுக் காப்பீட்டுக் கோப்பைத் தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் கொடுத்தேன். 62 பக்கங்கள் வர வேண்டிய கோப்பில் 60 பக்கங்களே வந்திருந்தன. பழைய பின் ஓட்டையில் சிக்கிக்கொண்ட இரண்டு தாள்கள் ஒன்றாக உள்ளே போயிருந்தன. தாள்களைத் துண்டாக்கிய பிறகே பக்கங்களை எண்ணினேன். விடுபட்ட இரண்டு பக்கங்களில்தான் எந்தெந்த நோய்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற பட்டியல் இருந்தது; அதை மறுபடி பெறுவதற்குப் பல வாரங்கள் ஆயின. அன்றிலிருந்து, பின்களைக் கழற்றி, மடிப்புகளை நீவி, தாள்களை விசிறிபோல் பிரித்துவிட்டு, எத்தனை பக்கம் என்று முதலிலேயே எண்ணி, கோப்பின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் மட்டுமே தாளை அடுத்த பெட்டிக்கு நகர்த்துகிறேன். பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். வாரண்டி அட்டையின் பின்புறத்தில்தான் பெரும்பாலும் நிபந்தனைகளும் விற்பனையாளரின் முத்திரையும் இருக்கும்.

ஸ்கேனர் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. கைபேசியிலேயே ஆவணங்களை எடுப்பதற்கான செயலிகள் நன்றாக வேலை செய்கின்றன; தாளைக் கருநிறத் துணியின் மேல் வைத்து, உங்கள் தலையின் நிழல் விழாதபடி சன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும் இடத்தில், கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். ஆனால் கோப்பின் அளவைக் குறைக்கவோ இணைக்கவோ இலவசமாக உதவுவதாகச் சொல்லும் முன்பின் அறியாத இணையத்தளங்களில் அடையாளச் சான்றுகளையும் வங்கித் தாள்களையும் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏற்றிய நகல் யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

சேமிக்கும் வடிவம் பிடிஎஃப் ஆக இருக்கட்டும். 1993இல் ஒரு தனி நிறுவனத்தின் உருவாக்கமாக வந்த அது, 2008இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டதால், எந்த ஒரு நிறுவனத்தின் தயவிலும் அது இன்று இல்லை. உங்கள் மென்பொருளில் பிடிஎஃப்/ஏ என்ற தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். நெடுங்காலக் காப்புக்கென்றே 2005இல் வெளிவந்த தரம் அது. எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதித்துக்கொள்வதால், பின்னாளில் எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் இதேபோல் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். படத்தில் உள்ள எழுத்துகளைப் படித்தறியும் எழுத்துணரி (ஓசிஆர்) வசதியையும் இயக்கிவிடுங்கள். அது பக்கத்தின் படத்துக்குப் பின்னால் தேடக்கூடிய எழுத்தாக உரையை வைத்துவிடும். அச்சுத் தமிழையும் இன்று அது ஓரளவு நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தை அவ்வளவு நம்ப வேண்டாம்.

எழுத்துணரி எங்கே தவறினாலும் கோப்பின் பெயர் உங்களைக் காப்பாற்றும். பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: "2024-03-15 சலவை இயந்திரம் ரசீது" என்பதுபோல. இப்படி எழுதினால் கணினி அகரவரிசைப்படுத்தும்போதே கோப்புகள் கால வரிசையிலும் நின்றுவிடும்; நாளை முதலில் எழுதினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். தேதி என்பது தாளில் உள்ள தேதி. ஸ்கேன் செய்த நாள் அன்று. கோப்புறைகளைப் பத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். வீடு, வங்கி, காப்பீடு, மருத்துவம், பொருள்கள் என்ற அளவில் நின்றாலே போதும். உள்ளுக்குள் உள்ளாகப் பிரித்துக்கொண்டே போகிறவர்கள், ஆறு மாதம் கழித்து எந்தத் தாளை எந்தப் பிரிவில் போட்டோம் என்று தடுமாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கையேடுகளில்தான் உங்கள் மகனின் யோசனை முழுமையாகப் பொருந்துகிறது. அந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்வதில் தயங்க வேண்டியதில்லை. அவற்றை ஸ்கேன்கூடச் செய்ய வேண்டாம். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான, தேடக்கூடிய பிடிஎஃப் கிடைத்துவிடும். நிறுத்தப்பட்ட பழைய மாடல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற இணையக் காப்பகங்களிலும் தேடிப் பாருங்கள். ஆனால் இணைப்பை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளாமல் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் தளத்தை மாற்றியமைக்கும்போது பழைய பக்கங்கள் முதலில் காணாமல்போகும். பல மொழிகளில் அச்சிட்ட 200 பக்கக் கையேட்டில் உங்களுக்குத் தேவைப்படுவது 20 பக்கமாகத்தான் இருக்கும் என்பதால், அந்த மொழிப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தால் அவசரத்தில் பக்கம் புரட்ட வேண்டியிருக்காது.

பெட்டியை அப்படியே தூக்கிப் போட்டுவிடாமல் ஒவ்வொரு கையேட்டையும் ஒரு முறை உதறிப் பாருங்கள். உறைக்குள் அலமாரித் திருகுகள், வளைந்த அறுகோணச் சாவி, வாரண்டி அட்டை, பொருத்த வந்தவர் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண் போன்றவை ஒட்டிக்கொண்டிருக்கும். பக்க ஓரங்களில் பழுது பார்த்தவரோ நீங்களோ எழுதிய குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுங்கள்; அந்த ஒரு வரி எந்த நிறுவனத்தின் தளத்திலும் கிடைக்காது. உங்கள் வீட்டுக்கென்றே வரைந்த மின்கம்பி, குழாய்ப் பாதை வரைபடங்களும் சில வேளை இந்தக் குவியலில் கலந்திருக்கும். அவை கையேடுகளைப் போலத் தோன்றினாலும், "யார் தருவார்கள்?" என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை, பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

கையேட்டைவிட முக்கியமானது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டு. சலவை இயந்திரத்தின் கதவோரத்திலும், குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவரிலும், பல பொருள்களின் முதுகிலும் இருக்கும் அந்தச் சிறு சீட்டில்தான் முழு மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ளன. கையேட்டின் அட்டையில் நான்கைந்து மாடல்களின் பெயர் சேர்ந்தே அச்சாகியிருக்கும். உதிரிபாகம் கேட்கும்போது அது உதவாது. புதிய பொருள் வந்தால், அதைச் சுவரோடு தள்ளிப் பொருத்துவதற்கு முன்பே அந்தச் சீட்டைப் படமெடுங்கள். பொருள்கள் என்ற கோப்புறைக்குள் மட்டும் பொருளுக்கு ஓர் உட்கோப்புறை வைத்து, சீட்டின் படம், ரசீது, வாரண்டி அட்டையின் இரு பக்கங்கள், கையேடு, பிறகு வரும் பழுதுச் செலவுச் சீட்டுகள் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடுங்கள். பொருளை விற்கும்போதோ கழிக்கும்போதோ அந்தக் கோப்புறையும் அதோடு போய்விடலாம்.

சில கையேடுகள் மட்டும் தாளாகவே இருக்கட்டும். மின்சாரம் நின்றபோது தேவைப்படும் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் கையேடு, மின்பலகையில் எந்த விசை எந்த அறைக்கு என்ற அட்டவணை, வீட்டில் பயன்படும் மருத்துவக் கருவிகளின் அவசரப் பக்கம் ஆகியவற்றை அந்தந்தப் பொருளின் அருகிலேயே வையுங்கள். இணையம் நின்றபோது தேவைப்படும் ரூட்டர் கையேடு கிளவுடில் (இணையவழிச் சேமிப்பில்) மட்டும் இருந்தால் பயனில்லை அல்லவா? அதைக் கைபேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. கணினி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அவர் கேட்பது முற்றிலும் நியாயமானது. கெடும் என்றே வைத்துக்கொண்டுதான் நாங்களும் வேலை செய்கிறோம். எங்கள் துறையில் 3-2-1 என்ற எளிய விதி வழங்குகிறது: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்புச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கணினியில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும். ஹார்ட் டிஸ்கை எப்போதும் கணினியோடு இணைத்தே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், இணைப்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறை இணைத்து, பிரதியெடுத்து, கழற்றி வையுங்கள்.

கைபேசியும் கணினியும் கிளவுடும் தாமாகவே ஒத்திசைந்துகொள்வதைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். கைபேசியில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிப்பும் மற்ற இடங்களுக்கு உண்மையாகவே ஒத்திசைந்துவிடும். பல சேவைகள் அழித்ததைச் சில நாள்கள் தனியே வைத்திருந்தாலும் அந்தக் கெடு தாண்டினால் இழப்புதான். பென் டிரைவை மட்டும் நம்பி அலமாரியில் பூட்டுவதும் ஆபத்து. அதில் தரவு மின்னூட்டமாகத் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் மின் இணைப்பின்றிக் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். தாளை இருபது ஆண்டுகள் மறந்துவிட்டாலும் பெரும்பாலும் அது இருக்கும். கோப்பை அப்படி மறக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, ஒவ்வொரு பிரதியிலும் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்கைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக மாற்றுங்கள். இந்தப் பொறுப்பை உங்கள் கணவரே ஏற்றுக்கொண்டால் மிகவும் நல்லது. கெட்டுவிடுமோ என்று கவலைப்படுகிறவரே நன்றாகச் சரிபார்ப்பார் என்பது என் அனுபவம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்தின் அடையாளச் சான்றுகளும் கணக்கு விவரங்களும் ஒரே இடத்தில் சேரும்போது, அந்த இடம் களவுபோனால் எல்லாமே களவுபோகும். கணினியின் வட்டையும் வெளி ஹார்ட் டிஸ்கையும் குறியாக்கம் செய்து பூட்டுங்கள். கிளவுட் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். தனித்தனிக் கோப்புக்குக் கடவுச்சொல் போட வேண்டாம்; பிடிஎஃப்/ஏ தரம் அதை அனுமதிப்பதில்லை, கோப்புக்கொரு கடவுச்சொல்லை நினைவில் வைப்பதும் நடவாத காரியம். அதே வேளையில், எல்லாவற்றையும் திறக்கும் கடவுச்சொல் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தால், அவர் மருத்துவமனையில் படுத்த அன்று குடும்பமே தன் ஆவணங்களுக்கு வெளியே நிற்க நேரிடும். அந்தக் கடவுச்சொல்லையும், எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மூலப் பத்திரங்களோடு வையுங்கள். தாளே இல்லாத வீட்டுக்கும் இந்த ஒரு தாள் தேவை. உங்கள் மூவருக்கும் அந்த உறை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த தாள்களை உடனே அழிக்காதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, மூடியில் இன்றைய தேதியை எழுதி, ஓராண்டு காத்திருங்கள். அந்த ஓராண்டில் பெட்டியைத் திறக்க வேண்டி வராத தாள்களைத் தயங்காமல் அழிக்கலாம். பெயர், கணக்கு எண், கையெழுத்து உள்ளவற்றைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போடுங்கள். நீள நாடாக்களாக வெட்டும் வகையைவிடக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் வகையே மேல், ஏனெனில் நாடாக்களைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துவிட முடியும். இந்த இயந்திரங்களுக்கான டிஐஎன் 66399 என்ற தரத்தில் பி-4 நிலை என்று குறித்திருந்தால், ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது. வீட்டுக்கு அது தாராளம். கையேடுகளை வெட்ட வேண்டியதில்லை, பழைய தாளோடு போட்டுவிடலாம். வழவழப்பான ரசீதுகளை மட்டும் அதில் கலக்காதீர்கள்; அவற்றின் மேற்பூச்சில் உள்ள வேதிப்பொருள்கள் மறுசுழற்சித் தாளிலும் கலந்துவிடும்.

கடைசியாக, வெளுத்துப்போன அந்தச் சலவை இயந்திர ரசீதை இன்னும் எறியவில்லை என்றால் எறியாதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாயத்தின் சுவடு சில நேரம் தாளில் மிஞ்சியிருக்கும். உறையிலிருந்து எடுத்து, சூடு காட்டாமல், 600 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படம் திருத்தும் செயலியில் வெளிச்சத்தைக் குறைத்து நிறமாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். தேதியும் விலைச்சீட்டு எண்ணும் மட்டும் தெரிந்தால்கூட, கடையின் கணக்கில் அந்த விற்பனையைத் தேடி நகல் தரச் சொல்லிக் கேட்கலாம். அதுவும் தெரியாவிட்டால், அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்த பட்சத்தில் அந்த மாத வங்கி அறிக்கையையும், இயந்திரத்தின் சீட்டில் உள்ள வரிசை எண்ணையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வரிசை எண்ணைக் கொண்டு இயந்திரம் எப்போது தயாரானது என்பதை அவர்களால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும் என்பதால், வாரண்டி முடியவில்லை என்று வாதிட உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.